என்ன நீலம்?

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கரண்டிகளை எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் குப்புற வைக்கிறார் மேஜர். ஒவ்வொன்றின் முதுகிலும் அடித்துப் பார்த்த ஒரு மஞ்சள் பெயின்ட். பிஸ்கட் மஞ்சள், வெயிலில் வெளுத்த மஞ்சள், பழைய காகித மஞ்சள். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் தீர்ந்தது, தேநீர் ஆறி அவலாகும்வரை விடமாட்டார்.

மேஜர் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர்; பட்டாளத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. கதவைப் பலமாகச் சாத்தினாலே தூக்கிவாரிப் போடும். நாங்கள் வேலை செய்வது பல்செட் தயாரிக்கும் கூடத்தில். நான் வாசல் மேசையில் உட்கார்ந்து மருத்துவர்கள் அனுப்பும் பல் அச்சுகளை வாங்கி வைக்கிறேன். அவர் உள்ளே பற்களுக்கு நிறம் சேர்க்கிறார். வீட்டுக்குப் போனால் உள்ளங்கை அகலப் பொம்மைப் போர் டாங்கிகளை ஒட்டிப் பெயின்ட் அடிக்கிறார். எல்லாம் பாலைவன டாங்கிகள். மகளின் தோழிகள் வந்தால் டாங்கி அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றபடியே பேசுவாராம்.

"சின்ன டாங்கிக்கு அசல் கலரையே அடிச்சா கருத்துத் தெரியும். வெளுக்கணும். எவ்வளவுங்கறதுலதான் உசுரு போகுது" என்பார்.

உண்மையில் உயிர் போன கதை ஒன்று எங்கள் கூடத்துக்குள்ளேயே இருந்தது எங்களுக்குத் தெரியாது. பல்செட்டுக்கு மெருகு போடும் பாலிஷ் அக்கா அதிகம் பேசமாட்டார். ஒருநாள் தேநீர் வேளையில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அப்பா வேலை பார்த்த பாலைவன ஊரில்தான் பிறந்து வளர்ந்தாராம். பள்ளிக்கூடம் போகிற வயதில் அங்கே சண்டை வந்து, ஒரு காலையில் தெருவுக்குள் டாங்கி நுழைந்ததாம். கையில் எடுத்த பிஸ்கட்டோடு நாங்கள் அப்படியே இருந்தோம்.

மேஜர் கரண்டிகளை எடுத்து நீட்டினார். "அக்கா, இதுல எந்த மஞ்சள்னு ஞாபகம் இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. அக்கா கோபப்படவில்லை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினார்.

"இது கிட்டத்தட்ட வரும். ஆனா கீழ்ப்பக்கம் மஞ்சள் தெரியலை. எங்க வீட்டுச் சுவரை இடிச்சுக்கிட்டு வந்துச்சில்ல, அந்தச் சுண்ணாம்பெல்லாம் அப்பியிருந்துச்சு. நானும் தம்பியும் படுக்கற ரூம். நீலம் அடிச்சிருந்தோம்."

"என்ன நீலம்?" என்றார் மேஜர்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. காது மடல்கள் சிவந்தன. "வெளிர் நீலந்தான்" என்று பதில் சொல்லிவிட்டு அக்கா டம்ளரைக் கழுவப் போனார். தம்பி என்ன ஆனான் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வெட்கம் எனக்கும் உண்டு.

அதன் பிறகு மேஜர் அக்காவின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் செய்து முடித்த பற்களெல்லாம் மெருகுக்கு அக்காவிடம்தான் போகவேண்டும், எதிரெதிர் மேசை வேறு. எங்கே ஓடுவார்? மன்னிப்புக் கேட்கப் பலமுறை எழுந்து, பாதி வழியில் தண்ணீர் குடிக்கப் போகிறவர்போலத் திரும்பிவிட்டார். இனி டாங்கியே வேண்டாம், எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டேன் என்று என்னிடம் சத்தியம் செய்தார்.

போன திங்கட்கிழமை மேஜர் என் மேசையருகே வந்து நின்றார். மென்று விழுங்கிச் சொன்னார். "நேத்து அடிச்சிட்டேன். கீழ்ப்பக்கம் வெளிர் நீலம், திட்டுத் திட்டா. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு அமைஞ்சதே இல்லை. அவ்வளவு நல்லா வந்திருக்கு. அதை நினைச்சாத்தான் என்னையே எனக்குப் பிடிக்கலை."

எனக்கு அவரைத் திட்டத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவர் கட்டைவிரல் நகக்கண்ணில் புகுந்த நீலம் தின்னரால் தேய்த்தும் போகவில்லை. அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு மற்ற விரல்களாலேயே அன்றைய பல்செட் தட்டை அக்காவிடம் நீட்டினார். தட்டு ஆடியது. அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"கையில என்ன?"

"நசுங்கிருச்சு அக்கா."

அக்கா இழுப்பறையைத் துழாவி ஒரு பிளாஸ்டரை எடுத்தார். தாளை உரித்துக்கொண்டே, "நீட்டுங்க, ஒட்டி விடறேன்" என்றார். மேஜர் முஷ்டியை இன்னும் இறுக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.