இருந்தது ஒரே மருந்து

என் கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறி, முப்பது வருடம் கடலில் வேலை பார்த்தவர். "ஏளா, பசிபிக் கடல்ல வளையல் கணக்கா ஒரு தீவு கெடக்கு. உன்ன ஒருநாள் கூட்டிட்டுப் போவேன்" என்பார். ஓய்வு பெற்றதும் கூட்டிப்போனார். அங்கே அது மழைக்காலம். விடுதியில் எங்களைத் தவிர யாருமில்லை.

மழை விடாமல் பெய்ததால் ஊர் திரும்ப வேண்டிய விமானம் வரவில்லை. அன்று மாலை அவருக்கு மூச்சிரைப்பு கண்டது. கொண்டுபோன இன்ஹேலர் தீர்ந்திருந்தது. தீவின் மருத்துவ நிலையத்திலும் இல்லை. அடுத்த விமானத்தில்தான் வருமாம்.

"பேசாதீங்க, நிமிந்து உக்காருங்க" என்று முதுகைத் தடவினேன். அவர் உதடு நீலம் பாரித்தது.

விடுதி நடத்தும் பெண் ஓடிப்போய் ஓர் இன்ஹேலர் கொண்டுவந்தாள். இரண்டு முறை இழுத்ததும் அவருக்கு மூச்சு திரும்பியது. அப்போதுதான் அவள் பின்னால் நின்ற மகளைப் பார்த்தேன். அந்தக் குழந்தையின் நெஞ்சும் இரைந்துகொண்டிருந்தது.

"பிள்ளைக்கு உள்ளதுளா இது. திருப்பிக் குடு" என்றார் அவர்.

நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, மகளை அவர் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். அதன்பின் ஒவ்வொரு முறை அதை அழுத்தியபோதும், இது கடைசியாக இருக்குமோ என்று பயந்தேன்.

மறுநாள் மழை வெறித்து விமானம் வந்தது. மருந்தும் வந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

அவளிடத்தில் நான் இருந்திருந்தால் முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். இன்னும் வாய் வரவில்லை.