வியென் தாத்தாவின் திதி எந்த வீட்டில்

2011 ஏப்ரல் பதினான்கு, வியாழக்கிழமை. எங்கள் சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் பன்னிரண்டாம் நாள். விடிந்ததிலிருந்தே கண்ணுக்குத் தெரியாத தூறல், காற்று அசையவில்லை. வடக்கே எங்கள் யென் கே கிராமத்தில் எல்லா வீட்டுத் தரையும் வியர்த்துக் கிடந்தது. லுவா தன் கூடத்தில் பழைய சாக்குகளை விரித்து வைத்திருந்தாள். வரும் விருந்தாளிகள் வழுக்கி விழுந்தால் நல்லதுதான் என்று அவள் நினைத்திருக்கக்கூடும். ஆயினும் விரித்திருந்தாள்.

வரவிருந்தவர்கள் தெற்கே சா டெக்கில் வாழும் கியெமும் அவர் மனைவி லாயும். லுவாவின் கணவருடைய தாத்தாவான வூ டின் வியென் தங்களுக்கும் தாத்தாவே என்றும், அவர் இறந்த நாளும் அவரைப் புதைத்த இடமும் தங்களுக்குத் தெரியும் என்றும் அவர்கள் எங்கள் குலத்தலைவர் பாங்குக்கு எழுதியிருந்தார்கள். குடிவழிப் புத்தகத்தையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதன் பெரும்பகுதி சீன எழுத்தை ஒத்த பழைய எழுத்தில் இருந்தமையால் அதைப் படித்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். அந்த எழுத்தை என் தந்தையாரிடம் கற்றவன் நான். லுவாவுக்கு மூன்றாம் வீட்டுக்காரனும்கூட.

இறந்த நாள் தெரியாதவருக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்ட நாளே திதி. இது எங்கள் வழக்கம். வியென் 1932ஆம் ஆண்டு இதே நாளில் புறப்பட்டார். மனைவியையும் ஒரு வயது மகனையும் விட்டுச் சென்றவர் திரும்பவில்லை. ஆகவே ஆண்டுதோறும் இந்த நாளில் இந்த வீட்டில் அவருக்குத் திதி. உண்மையான நாள் தெரியவந்தால் இது மாறும்; கல்லறை எந்த ஊரிலோ அந்த ஊர் வீட்டுக்கே திதியும் போய்விடும் என்று பாங் முன்னதாகவே சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் லுவாவிடமிருந்து எடுத்துச் செல்ல ஏதேனும் இருந்தது என்றால் அது இதுதான்.

லுவா சந்தையில் டோஃபு விற்பவள். இருபத்திரண்டு வயதில் மருமகளாக வந்தபோது அவள் செய்த முதல் சமையல் வியெனின் திதிச் சமையல். அதன்பின் ஓராண்டும் தவறியதில்லை. ஓராண்டும் திட்டாமல் இருந்ததுமில்லை. "சொல்லாமக் கொள்ளாமப் போன மனுஷனுக்கு முழுக் கோழி, சொல்லிட்டு வேலைக்குப் போற எனக்குப் பழைய சோறு" என்று கோழியைப் பார்த்தே பேசுவாள். எட்டாண்டுகளுக்கு முன் கணவர் இறந்தார். மகன் ஹனோயில் வேலையாக இருக்கிறான். ஆகவே தூபம் ஏற்றி, இறந்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பொறுப்பும் அவளிடமே வந்தது.

எங்கள் குலத்தின் புத்தகத்தில் வியெனைப் பற்றி எழுதியிருப்பது ஒரே வரி. மூன்றாம் மகன் வியென், மனைவி டாவோ குடும்பத்தவள், மகன் ஒருவன், ஊரை நீங்கினார், புறப்பட்ட நாளே திதி. அவ்வளவே.

விருந்தாளிகள் ஒன்பது மணிக்கு வந்தார்கள். வழுக்கவில்லை. கியெம் மெலிந்த மனிதர், கூச்ச சுபாவம். லாய் ஐம்பதை நெருங்கியவள், வாசலிலேயே "அக்கா!" என்று லுவாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டாள். லுவா கைகளைக் கொடுத்தாளேயன்றி வேறொன்றும் கொடுக்கவில்லை.

கியெம் முதலில் ஒரு நிழற்படத்தை எடுத்தார். நாற்காலியில் அமர்ந்திருந்தவர் சென் அம்மையார். வியெனின் தெற்கத்தி மனைவி. பின்னால் நின்றவர் வியென். சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார்; சிரித்துக்கொண்டிருந்தார்.

லுவா படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"பல்லெல்லாம் வரிசையா இருக்கே" என்றாள். "எங்க வீட்டுல அவருக்கு மூஞ்சியே கெடையாது. இத்தனை வருஷமா ஒரு தூபக் கிண்ணத்தப் பாத்துக் கும்பிட்டுட்டு இருக்கேன்."

"இது உங்களுக்குத்தான் அண்ணி. பிரதி எடுத்துட்டு வந்தேன்" என்றார் கியெம்.

"அந்தம்மாவையும் சேத்தா மாட்டணும்?"

நான் அவர்கள் கொண்டுவந்த புத்தகத்தைத் திறந்தேன்.

நான்கு பக்கங்கள். வியென் சொல்லச் சொல்ல நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர் எழுதியவை. நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். செம்மண் நாட்டு ரப்பர்த் தோட்டத்துக்கு மூன்றாண்டு ஒப்பந்தக் கூலியாகச் சென்றிருக்கிறார். இரண்டாண்டு முடியுமுன் தப்பி ஓடியிருக்கிறார். பிறகு மேக்கோங் ஆற்றில் நெல் படகுகளில் மூட்டை சுமந்தார். நோம் பென்னில் கடிகாரம் பழுதுபார்ப்பவராக இருந்தார்; கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே ஓராண்டு ஓட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். திருவிழாக்களில் பல்பொடி விற்றார். மரத் தெப்பங்களோடு மிதந்தார். 1941இல் சா டெக் செங்கல் சூளைக்கு வந்தார். சென் அம்மையாரை மணந்தார். ஐந்து பிள்ளைகள்.

"அப்புறமாவது ஒரு எடத்துல உக்காந்தாரா?" என்றார் பாங்.

உட்காரவில்லை. ஆற்றில் வெள்ளம் ஏறும் பருவம் வந்தால் அவருக்கு வீடு கொள்ளாது. ஏதாவதொரு படகில் ஏறிவிடுவார். ஆனால் ஒவ்வோராண்டின் கீழும் அதே சொற்கள் இருந்தன: 'நீர் வடிந்ததும் திரும்பினார்.'

"என்னது?" என்றாள் லுவா.

"நீர் வடிந்ததும் திரும்பினார்."

"திரும்பினாரா? எத்தன வாட்டி?"

"ஒவ்வொரு வருஷமும்."

லுவாவின் முகம் சிவந்தது. "அப்ப திரும்பத் தெரிஞ்ச மனுஷன்தான். எங்க வீட்டுக்கு மட்டும்தான் வழி மறந்து போச்சு!"

"நாடு ரெண்டா இருந்துதே அண்ணி" என்றார் கியெம் மெல்ல. "அவரு நெனச்சாலும் வந்திருக்க முடியாது."

"நாடு பிரிஞ்சது அம்பத்துநாலுல. அதுக்கு முன்னாடி இருவது வருஷத்துக்கு மேல கை என்ன ஒடிஞ்சா கெடந்துது? ஒரு கடுதாசி போடக் கூடாதா?"

பாங் தொண்டையைச் செருமி, உலை கொதிக்கிறதா என்று கேட்டார்.

வெந்நீர் வாங்க நான் அடுக்களைக்குப் போனபோது லாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மூங்கில் குருத்துச் சாற்றை ருசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுல சக்கரையே போடலையே?"

"இது தெவசச் சாப்பாடு. மிட்டாய்க் கடை இல்ல."

"எங்க பக்கம் ஒரு சிட்டிகை போடுவோம்."

"உங்க பக்கம் எல்லாத்தையும் சேத்துக்குவீங்க. ஆளக்கூட."

லாய் சிரித்தாள். கோபித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் அவள் சிரித்தது லுவாவுக்கு மேலும் எரிச்சலூட்டியது. கோழியை வெட்டும் ஓசை பலமாயிற்று.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இங்க இருந்தாங்களே, அவரோட மொத சம்சாரம், அவங்க பேரு என்ன? எங்க புத்தகத்துல ஒரு எடம் காலியா இருக்கு."

கத்தி நின்றது.

"தெரியாது" என்றாள் லுவா.

"இங்க யாருக்குமே தெரியாதா?"

"தெரியாதுன்னா தெரியாது. தட்டை எடு."

அது பொய் என்பது எனக்குத் தெரியும். முன்னோரின் பெயரை வீட்டில் வாய்விட்டுச் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. புத்தகத்திலும் கல்லறையிலும் 'டாவோ குடும்பத்தவள்' என்றே இருக்கிறது. ஆனால் திதியன்று தூபத்தின் முன் நின்று முணுமுணுப்பவருக்குப் பெயர் தெரிந்தே ஆக வேண்டும்; பெயரில்லாமல் அழைத்தால் யார் வருவார்கள்? லுவாவுக்கு அதை அவள் மாமியார் சொல்லிக் கொடுத்திருந்தார். இப்போது அந்தப் பெயர் அவளிடம் மட்டுமே இருந்தது. படம் அவர்களிடம், கல்லறை அவர்களிடம், நான்கு பக்கங்களும் அவர்களிடம். இந்த ஒன்றை மட்டும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

உணவு முடிந்தது. கியெம் உப்புக் கத்தரிக்காயை மூன்றுமுறை கேட்டு வாங்கினார். பாங் வாயைத் துடைத்துக்கொண்டு, குலத்தின் புத்தகத்தை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"அப்ப எழுதிடறேன். இறந்த நாள் ஒம்போதாம் மாசம் இருவது, 1969. கல்லறை சா டெக். இனிமே தெவசம் அங்க நடக்கும். லுவா, உனக்கு விடுதலை."

உறவினர்கள் ஆரவாரித்தார்கள். "அடுத்த வருஷம் யாரத் திட்டுவ லுவா?" என்று ஒருத்தி கேட்டாள். "டோஃபுவத் திட்டட்டும்!" என்றாள் இன்னொருத்தி.

"மாமா, பேனாவ மூடுங்க" என்றாள் லுவா.

"ஏம்மா?"

"நான் ஒரு வருஷமாவது தவறினேனா?"

"இல்ல. ஆனா வருஷா வருஷம் திட்டுனியே."

"திட்டுனேன். சமைக்காமயா திட்டுனேன்? சமைச்சு வெச்சுட்டுத்தான திட்டுனேன்! புருஷன் செத்த வருஷம்கூட அழுதுட்டே கோழி உரிச்சேன். இன்னிக்கு ஒரு போட்டோவத் தூக்கிட்டு வந்தா அவரு அவங்க ஆளாயிடுவாரா?"

பாங் கண்ணாடியைக் கழற்றினார். "லுவா, என்ன இது? செத்து நாப்பது வருஷமான கெழவர வெச்சுக்கிட்டா பொறாமை?"

"ஆமா. பொறாமைதான்."

அப்போது லாய் என் பக்கம் திரும்பினாள்.

"வாத்தியாரே, கடைசிப் பக்கத்தையும் படிங்க."

"அது வேணாம்" என்றார் கியெம் அவசரமாக. "அம்மா படிக்க வேணாம்னு சொல்லி அனுப்பினாங்க. சென் பாட்டிக்கு மரியாதையா இருக்காது."

"அம்மாவா சமைக்கிறாங்க? நான்ல சமைக்கிறேன்! படிங்க வாத்தியாரே."

கடைசிப் பக்கம் புதிய எழுத்தில், கியெமின் தந்தையார் கைப்பட எழுதியது. நான் படித்தேன்.

'ஒவ்வோராண்டும் மூன்றாம் மாதம் பன்னிரண்டாம் நாள் தந்தையார் வடக்கு நோக்கி ஒரு தட்டு வைப்பார். வெறும் சோறு, உப்பில் ஊறிய சிறு கத்தரிக்காய், மடித்த வெற்றிலை ஒன்று. யாருக்கு என்று கேட்டால் பதில் கூறமாட்டார். தாயார் அன்று காலையிலேயே பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். தந்தையார் இறந்த பின்னும் அதை நிறுத்த எங்களுக்குத் துணிவு வரவில்லை. பெயர் தெரியாமலே வைத்துவருகிறோம்.'

பாங் நாட்காட்டியைப் பார்த்தார். பார்க்க வேண்டியதில்லை, அவர் புறப்பட்ட நாள், இன்றைய நாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

முதலில் பேசியவள் லுவா. அவள் குரலில் கனிவு இல்லை. "இந்த வீட்டுப் பாட்டி எழுபத்துநாலாம் வருஷம் வரைக்கும் உசுரோட இருந்தாங்க! உசுரோட இருக்கறவளுக்கு எவனாவது தெவசம் வெப்பானா?"

"நீங்களும் அதத்தானக்கா செஞ்சீங்க" என்றாள் லாய். "அவரு அறுபத்தொம்பது வரைக்கும் உசுரோட இருந்தாரு. இந்த வீட்டுல எப்பலேர்ந்து தெவசம் வெக்கறீங்க?"

பாங் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். லுவா சிரிக்கவில்லை.

லாய் தொடர்ந்தாள். "எனக்கும் எரியாதுன்னு நெனச்சீங்களா? கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நான்தான் அந்தத் தட்டை வெக்கறேன். எங்க வீட்டுக்காரரத் தவிர சா டெக்ல எவனும் அந்தக் கத்தரிக்காயத் தொட மாட்டான். ஜாடியத் தொறந்தா தெருவே மூக்கப் பொத்தும். எங்க மாமியாருக்குக்கூட நான் இவ்வளவு செஞ்சதில்ல. பேரு தெரியாத ஒரு பொம்பளைக்குச் செய்யறேன். யாரு இவ, செத்தும் அந்த மனுஷன விடாதவன்னு எத்தன வாட்டி திட்டியிருப்பேன்!"

"திட்டுனியா?" என்றாள் லுவா.

"சமைச்சுட்டுத்தான் திட்டுனேன்."

லுவா அவள் பக்கம் திரும்பினாள். "கத்தரிக்காய்ல பூண்டு போடுவியா?"

"போடுவேன்."

"சித்தரத்தை?"

"அது எதுக்கு?"

"அதானே பாத்தேன். அப்ப அது எங்க வீட்டுக் கத்தரிக்காயே இல்ல. அங்க அவரு வேற வழியில்லாம வாய மூடிட்டுத் தின்னிருப்பாரு." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அன்று முதன்முறையாகச் சிறிது வெளிச்சம் தெரிந்தது.

பாங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். எழுதியதை உரக்கச் சொன்னார்: புறப்பட்ட நாள், யென் கே வீட்டில், இறந்த நாள், சா டெக் வீட்டில். இரண்டு திதி உள்ள மனிதர் எங்கள் புத்தகத்தில் வேறு எவருமில்லை. ஒரு வரி இரண்டு வரியாயிற்று. லுவா அருகில் வந்து, எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பவளைப்போல் குனிந்து பார்த்தாள். பிறகு புத்தகத்தைத் தானே மூடினாள்.

லாய் தங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் முன் வைத்தாள். வரியின் நடுவே ஒரு பெயர் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

"தட்டை நான் நிறுத்த மாட்டேன் அக்கா. சித்தரத்தையும் போடறேன். ஆனா இனிமேயாவது பேர் சொல்லிக் கூப்பிடணும். அவங்க பேரு என்ன?"

லுவா அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். ஈரக் கையைத் தன் மேற்சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டாள்.

"மோ. டாவோ தி மோ."