அக்கா வயிற்றில் பிறந்தவள்

ஐந்து வயது வரைக்கும் என்னைப் பெற்றவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தக் காலத்திலும் எல்லாரும் சிரித்தார்கள், பெற்றவர் ஒருவரைத் தவிர.

என் தாத்தா ரயில்வேயில் கேட்டுக்காரர். தம்போய்க்குப் போகும் செம்மண் சாலை தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் அவருடைய கேட்டு. ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, ஒரு ராந்தல் விளக்கு, உட்கார ஒரு பலகை. பக்கத்திலேயே ரயில்வே கொடுத்த வீடு. வீட்டுக்குப் பின்னால் பாட்டியின் இரண்டு மாடுகள். பாட்டி என்றதும் நரைத்த தலையையும் கூன் முதுகையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. முரண்டு பிடிக்கும் மாட்டை ஒரு கையால் இழுத்து நிறுத்துவார். மாட்டைத் திட்ட ஆரம்பித்தால் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பம் வரைக்கும் கேட்கும். அவருடைய கடைசி மகன் என்னைவிட மூன்றே வயது மூத்தவன். எனக்கு அவன் மாமா முறை. ஆனாலும் நாங்கள் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்வதற்கு முறை ஒன்றும் தடையாக இருக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் செனாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்து என்னைப் பெற்ற அம்மா, திரும்பிப் போகும்போது தனியாகத்தான் போனார். அந்த வருஷம் தோட்டத்து லயத்து வீடுகளில் காய்ச்சல் கண்டு மூன்று கைக்குழந்தைகள் அடுத்தடுத்துப் போய்விட்டன. "அந்த லயத்துக்கு என் பேத்திய அனுப்ப மாட்டேன். காய்ச்சல் அடங்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று பாட்டி என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார். காய்ச்சல் அடங்கியது. பாட்டிதான் அடங்கவில்லை.

மாமா பாட்டியை அம்மா என்றான், நானும் அம்மா என்றேன். தாத்தாவை அப்பா என்றான், நானும் அப்பா என்றேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்கிய பெண்ணை அவன் ஓடிப்போய் "அக்கா!" என்று கட்டிக்கொண்டான். நானும் பின்னாலேயே ஓடி "அக்கா!" என்றேன். கூட வந்த என் அப்பாவை மாமா என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் மச்சான் மாதிரியே இவளும் மாமாங்கறா, இருக்கட்டுமே" என்று சிரித்துக்கொண்டே பிஸ்கட் பொட்டலத்தை நீட்டுவார். இப்படிச் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இந்தக் கதையில் பாட்டி என்றும் அம்மா என்றும் எழுதுகிறேன் என்றால், அது படிப்பவர் குழம்பக் கூடாதே என்பதற்காகத்தான்.

எனக்கு ஐந்து வயதானபோது அம்மா மறுபடியும் உண்டாகி, ஏழாம் மாதம் தாய் வீட்டுக்கு வந்தார். எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. பாட்டியின் பாயில் பாட்டிக்குப் பக்கத்தில் படுப்பது நான். இப்போது அந்தப் பக்கத்தில் அக்கா படுத்தார். போதாக்குறைக்கு எனக்கென்று எடுத்து வைக்கும் பாலாடையும் அவருக்குப் போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் அம்மா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து மிளகாய் அரைத்துக்கொண்டே அழுதார். மிளகாய் நெடி என்று நினைத்தேன். பாட்டியும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது.

"கண்ணக் கழுவிட்டு வாடி, நான் அரைக்கிறேன்."

"மொளகா இல்லம்மா" என்றார் அம்மா. "இவ என்னை அக்காங்கறா. சரி, நீ வளத்தது, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பெரியது கூப்பிடறதப் பாத்துத்தானே சின்னதும் கூப்பிடும்? வயித்துல இருக்கறதும் நாளைக்கு என்னை அக்காங்கும். நான் எத்தன பெத்தாலும் எல்லாத்துக்கும் அக்காவாவே இருந்துட்டுப் போறதா?"

பாட்டி முதலில் வாய்விட்டுச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் என்னை இழுத்து உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே சட்டம் போட்டார். இனி அவர் அம்மாச்சி. அக்காதான் அம்மா. மாற்றிக் கூப்பிட்டால் காது கேட்காது.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் "அம்மா, பசிக்குது" என்றேன். பாட்டி மாட்டுக்குத் தவிடு கலக்கினார். "அம்மா!" என்று கத்தினேன். தவிட்டைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கன்றுக்குட்டி கத்தியதற்குத் திரும்பிப் பார்த்தார், எனக்குத் திரும்பவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தவிட்டு வாளியை எட்டி உதைத்தேன். அதற்கு முதுகில் ஒன்று கிடைத்தது, பேச்சு மட்டும் கிடைக்கவில்லை.

நேரே கேட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் புகார் செய்தேன். அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ என்னை என்னன்னு கூப்பிடுவே?"

"அப்பான்னு."

"கூப்பிட்டுக்க. எனக்குக் காது நல்லா கேக்கும்."

பின்னாலேயே வந்த பாட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீங்களே இடம் குடுத்தா இது எப்படித் திருந்தும்?" என்றார்.

"கேட்டத் தொறன்னா தொறப்பேன், மூடுன்னா மூடுவேன்" என்றார் தாத்தா. "புள்ள வாய நான் எப்படி மூடறது?"

அதற்குப் பிறகு நான் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். வேண்டுமென்றால் "இந்தா" என்பேன், "இங்க பாரு" என்பேன். பத்து நாள் அப்படி ஓட்டினேன். நான் பிடிவாதக்காரி என்று இன்றைக்கும் வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நாளும் எனக்கு நெஞ்செல்லாம் வலித்தது. அதைப் பிடிவாதம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

பதினோராம் நாள் காலையிலேயே அம்மாவுக்கு வலி கண்டது. பேறு பார்க்கும் மலாய்க் கிழவி கம்பத்திலிருந்து வந்தார். மாமாவை வாடிக்கை வீடுகளுக்குப் பால் ஊற்ற அனுப்பிவிட்டு, என்னைத் தாத்தாவிடம் தள்ளினார்கள். நாங்கள் இருவரும் கேட்டுப் பலகையில் உட்கார்ந்தோம். மத்தியான ரயிலுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. தாத்தா தண்டவாளத்தைப் பார்த்ததைவிட வீட்டையே அதிகம் பார்த்தார்.

திடீரென்று உள்ளேயிருந்து ஓர் அலறல்.

"அம்மா! அம்மா!"

அக்காவின் குரல். நான் துள்ளி எழுந்தேன். "அக்கா ஏன் எங்கம்மாவக் கூப்பிடுது?"

தாத்தா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அவளுக்கும் அம்மாதான் கண்ணு. உனக்கு முன்னாடியே அவளுக்கு அம்மா."

"அம்மா!" என்று மறுபடியும் அலறல். இந்தத் தடவை பாட்டியின் குரலும் கேட்டது. "இங்கதான்டி இருக்கேன் தங்கம். எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

பத்து நாளாக எனக்குக் கிடைக்காத பதில் அது. எவ்வளவு உடனே கிடைக்கிறது அவருக்கு! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பொறாமையில்தான் அழ ஆரம்பித்தேன். ஆனால் உள்ளே அவர் கூப்பிடக் கூப்பிட, அந்தக் குரல் நான் கூப்பிடும் குரல் மாதிரியே இருந்தது. அக்கா சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அவரும் பாட்டியின் பாயில் படுத்திருப்பார், பாலாடை தின்றிருப்பார். ரயில் வந்தது. தாத்தா ஒரு கையால் பச்சைக் கொடியைக் காட்டினார், மறு கையால் என்னைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பெட்டி தாண்டிப் போன பிறகுதான் வீட்டுக்குள்ளிருந்து தம்பியின் அழுகை கேட்டது.

தம்பி பிறந்த பிறகு யாருக்கும் என்னைத் திருத்த நேரமில்லை. நானும் "இந்தா"விலேயே காலத்தை ஓட்டினேன். தொட்டில் ஆட்டும் வேலை என்னுடையது. நடு வீட்டில் உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டில். ஒன்றரை மாதம் போல ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பாட்டி அடுப்படியில் இருந்தார். தம்பி வீறிட்டு அழுதான். எவ்வளவு ஆட்டியும் நிறுத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்துபோனான். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அம்மோவ்! தம்பி அழுவுறான்!"

இரண்டு பேரும் "என்னடி?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள். பின்வாசலில் பாட்டி, கையில் அகப்பையோடு. பக்கவாசலில் அம்மா, முழங்கை வரை சோப்பு நுரையோடு. ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தம்பி மட்டும் அழுதுகொண்டிருந்தான்.

"அம்மோவ்" என்று நீட்டிக் கூப்பிடுவது எனக்கும் பாட்டிக்கும் உள்ள பழக்கம். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டால், மழையில் வறட்டி நனைந்தால், அப்படித்தான் கூப்பிடுவேன். நான் கூப்பிட்டது பாட்டியைத்தான். அது எனக்குத் தெரியும். பாட்டிக்கும் தெரியும்.

பாட்டி அகப்பையால் என் அம்மாவைச் சுட்டிக் காட்டினார். "என்னை ஏன்டி பாக்கற? உன்னத்தான் கூப்பிடுறா. காது கேக்கல? போ, புள்ளயத் தூக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அம்மா தம்பியைத் தூக்கவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "என்னையா கூப்பிட்டே?" என்று கேட்டார். நுரை அவர் கையிலிருந்து தரையில் சொட்டியது. முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இன்னொரு தடவ கூப்பிடு."

"தம்பி அழுவுறான்மா" என்றேன்.

அவர் என்னை ஈரக் கையோடு கட்டிக்கொண்டார். என் சட்டையெல்லாம் நனைந்துபோயிற்று. அடுப்படியில் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் அந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பின்கட்டில் பாட்டி மாட்டைத் திட்டும் சத்தம் கம்பம் வரைக்கும் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.