கிள்ளிச் சுரந்த பால்

பூரணியைப் பற்றி அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் நல்லவள் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வரும்.

1953-ல் அவள் மகன் கணேசமூர்த்திக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, அதே லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருந்த அழகம்மா ஒரு பெண்ணைப் பெற்றுப் போட்டுவிட்டுச் செத்துப்போனாள். அப்படி ஆகிவிட்டால் பாலுள்ள ஒருத்தி பிள்ளையை எடுத்துக்கொள்வாள். இலங்கையின் இறம்பொடைப் பக்கத்தில் அது வழக்கம், யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. அழகம்மாவின் புருஷன் மூக்கன் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்து நின்றான். பூரணி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ராக்காயி என்று பெயர் வைத்தார்கள்.

பால் கொடுக்கக் கங்காணி பத்து மணிக்கு விடுவார். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு மலையிலிருந்து, ஆயா ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வர வேண்டும். அரை மணி நேரந்தான். தாயில்லாப் பிள்ளை என்று ராக்காயியைத்தான் முதலில் எடுப்பாள். அது சப்பிச் சப்பிப் பார்க்கும், பால் வராது. பக்கத்துத் தொட்டிலில் கணேசு லேசாகச் சிணுங்கினால் போதும், குப்பென்று சுரந்து ரவிக்கை நனைந்துவிடும். ராக்காயி தொண்டை கட்டக் கத்தினாலும் ஒன்றும் நடக்காது. சொந்த உடம்பே இப்படி ஓரவஞ்சனை பண்ணுமா என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ராக்காயியை மாரில் போட்டுக்கொண்டு, மறு கையால் தன் மகனின் தொடையைக் கிள்ளுவாள். அவன் வீரிட்டு அழுவான். பால் சுரக்கும். ராக்காயி குடிப்பாள். மூன்று மாதம் அப்படித்தான் ஓடியது. ராக்காயிக்குக் கன்னம் வைத்தது, ஆளைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்தாள்.

ஐப்பசி மழையில் கணேசுக்குக் காய்ச்சல் கண்டது. கன்றிப்போயிருந்த அவன் தொடையைப் பார்த்தபோது பூரணிக்குக் கிள்ளக் கை வரவில்லை. காய்ச்சல் விடட்டும் என்று நினைத்தாள். நாலு நாளில் விட்டது. அப்புறமும் அவள் கிள்ளவில்லை. கேட்டவர்களிடம், ராக்காயி குடிக்க மாட்டேன் என்கிறாள் என்று பொய் சொன்னாள். வடிகஞ்சியைச் சங்கில் புகட்டினாள். மார்கழி பிறக்குமுன் குழந்தை போய்விட்டது.

நடந்ததைத் தோட்டத்து டிஸ்பென்சர் சூசைரட்ணத்திடம் மட்டும் சொன்னாள். அவர் புத்தகம் படிக்கிற மனுஷர்.

"இதுல ஒந்தப்பு என்னம்மா இருக்கு? தன் குட்டிக்கு மொதல்ல பால் குடுத்த மிருகத்தோட வம்சந்தான் தங்குச்சு, மத்தது அத்துப்போச்சு. லட்சக்கணக்கான வருசமா அப்படித் தங்கித் தங்கி வந்த புத்திதான் நம்ம ஒடம்புலயும் இருக்கு. மாட்டப் பாரு, வேற கன்னு வந்தா ஒதைக்கும்."

"மாட்டுக்கு வழி தெரியாதுங்கய்யா. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சே."

டிஸ்பென்சர் வேறென்ன செய்வார், தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

ஊர் அவளை விடவில்லை. அடுத்தவள் பிள்ளைக்குப் பால் கொடுத்த மகராசி என்று கல்யாண வீடுகளில் முன்னால் உட்கார வைத்தது. கணேசு நன்றாக வளர்ந்தான், நன்றாகச் சாப்பிட்டான். அவன் சாப்பிடும்போது அவளால் பக்கத்தில் இருக்க முடியவில்லை.

பத்து வருஷம் கழித்து மூக்கன் இந்தியாவுக்கே போய்விடுவதென்று முடிவு செய்தான். பயணம் சொல்ல வந்தவன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். பூரணியால் தாங்க முடியவில்லை. இவனாவது தன்னைத் திட்டட்டும், அடித்தாலும் சரி என்று வாயைத் திறந்தாள்.

"கும்புடாதீங்கண்ணே. ஒங்க புள்ளைக்குப் பால் வர வைக்கிற வழி எனக்குத் தெரியும். எம்மவனக் கிள்ள மனசில்லாம நிறுத்திட்டேன். அதான் செத்துச்சு."

மூக்கன் கும்பிட்ட கையை இறக்கினான்.

"தெரியும் தங்கச்சி. புள்ள செத்த அன்னிக்கே பிள்ளைக்காம்பரா ஆயா சொல்லுச்சு. ஒன்னைய என்னான்னு கேக்குறது? கணேசு கெடந்த தொட்டில்ல எம்புள்ள கெடந்திருந்தா நானுந்தான் கிள்ளியிருக்க மாட்டேன்."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனான். அவளைத் திட்டுவதற்கு உலகத்தில் உரிமையுள்ள ஒரே ஆள், அவளிடம் அதற்கு மேல் எதையும் எதிர்பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான். பூரணி அவன் பின்னாலேயே பாதி வழி ஓடினாள், கூப்பிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டாள்.