பூஜை அறைக்கு மேலே ஒரு குளியலறை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குளியலறை கட்டப் போகிறார்கள் என்றதும் பெரியப்பா சாமி வந்தவர் போல ஆடினார். காரணம், அது சரியாகப் பூஜை அறைக்கு மேலே வந்தது.

"குளிச்ச தண்ணி சாமி தலையில சொட்டினா யாருடா பதில் சொல்றது?"

கேட்டது சித்தப்பாவை. அவருக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. கொல்லைக் கிணற்றடியில் ஒரு கீற்றுத் தட்டிதான் பெண்களுக்கு மறைப்பு. பக்கத்து மாடியில் யாராவது வந்து நின்றால் அதுவும் இல்லை. சேலையைச் சுற்றிக்கொண்டே குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட உள்ளே ஓடி வருவார்கள். அங்கே குளிக்கவே மாட்டேன் என்று சித்தி அழுதார். பாவம், சித்தப்பா என்ன செய்வார்!

"ஒரு சொட்டு இறங்காம செஞ்சு காட்டுறேண்ணே" என்றார்.

டைல்ஸ் பதிக்கும் முன்னால் கொத்தனார் தாரைக் காய்ச்சித் தரையில் ஊற்றினார். அதன்மேல் கோணித்துணியை விரித்து, மறுபடியும் தார். சுவரிலும் ஒரு முழம் ஏற்றிப் பூசினார். வெள்ளை டைல்ஸுக்கு அடியில் ஒளியப் போகிற இந்தக் கறுப்பு எதற்கு என்று அவரைத் துளைத்து எடுத்தேன்.

"தண்ணிக்கு யாரும் வழி சொல்லித் தர வேணாம் பாப்பா. தானே கண்டுபிடிச்சிரும்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் மேல் ஒரு சந்தேகம்.

தார் இறுகியதும் வடிகாலை அடைத்து, கணுக்கால் அளவு தண்ணீர் நிரப்பினார்கள். பெரியப்பா தன் வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்து, தண்ணீர் நின்ற மட்டத்தில் சுவரில் கோடு இழுத்தார்.

"மூணு நாள். கோட்டுக்குக் கீழே இறங்குச்சுன்னா எல்லாத்தையும் இடிச்சிரணும்."

சித்திரை வெயில். மறுநாள் மத்தியானமே தண்ணீர் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. ஓடிப்போய்ப் பூஜை அறையில் அண்ணாந்து பார்த்தேன். அங்கே ஈரம் இல்லை. பின்னே எங்கே போயிற்று? எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் மாடிப்படியில் காவல் உட்கார்ந்தேன்.

இடுப்பில் குடத்தோடு பெரியம்மா மூச்சிரைக்க ஏறி வந்தார். நேரே போய்க் குளியலறைத் தண்ணீரில் கவிழ்த்தார். பெரியப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத பெரியம்மா!

"வெயில் குடிச்சிருதுடி. சொன்னா உங்க பெரியப்பாவுக்குப் புரியாது. நீ மூச்சு விட்டே, தோலை உரிச்சிருவேன்" என்று என் வாயில் வெல்லக்கட்டியைத் திணித்தார்.

மூன்றாம் நாள் பெரியப்பா குனிந்து பார்த்தார். சுண்ணாம்புக் கோடு தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது.

"என்னடா கூத்து இது? தண்ணி குட்டி போடுமா?"

"இறங்கினாத்தானேண்ணே இடிக்கணும்னு சொன்னீங்க?" என்றார் சித்தப்பா.

பெரியப்பா கீழே இறங்கிப் போய்விட்டார். அடுப்படியில் பெரியம்மா மும்முரமாகப் பருப்பு கடைந்துகொண்டிருந்தார்.

டைல்ஸ் வேலை முடிந்ததும் முதலில் குளிக்கப் போனது சித்தி இல்லை, பெரியம்மா. உள்ளே தாழ்ப்பாள் போட்டார். வெகுநேரம் கதவு திறக்கவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம். நடுவில் பெரியம்மா பாடினார். அவருக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "ஒரு குளியலுக்கு இவ்வளவு நேரமா?" என்று கீழேயிருந்து பெரியப்பா இரைந்தார்.

வெளியே வந்தபோது, உள்ளே போகையில் கட்டியிருந்த சேலை அவர் தோளில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். துளி ஈரம் இல்லை.

அத்தனை தண்ணீரில் குளித்தும் சேலை நனையவில்லையே! எல்லாம் அந்தத் தாரின் மகிமை என்று ஸ்கூல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.