தேடிப் போகிறவர்களுடன் ஒரு சனிக்கிழமை

பருத்தித்துறையில் இருந்து ஒஸ்லோவுக்கு நான் போனது கடந்த ஒக்ரோபரில். தங்கை சுகந்தி பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். விசா இந்த முறைதான் சரிவந்தது. அவள் ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறாள். மருந்துக்கடையில் வேலை. அதோடு வருடத்தில் சில நாட்கள் நோர்வே இராணுவத்தின் ஊர்காவல் பிரிவில் சேவை. அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்குப் போர்க்கால ஞாபகம் வரும். இங்கே அது தச்சர், ஆசிரியர், பஸ் சாரதி என்று சாதாரண ஆட்கள் சீருடை போடும் படை. வெள்ளம் வந்தாலும், ஆள் காணாமல் போனாலும் பொலிஸுக்குத் துணையாக இவர்களை அழைப்பார்கள். அவர்களுடைய குடும்ப நாளுக்குத்தான் என்னைக் கூட்டிப்போனாள்.

காலை 8.10க்கு அம்மருட்டில் மெட்ரோ ஏறினோம். நகர நடுவில் இறங்கி ரயில் பிடித்தால் லில்லெஸ்ட்ரோம் பன்னிரண்டு நிமிடம். இரண்டு வலயத்துக்கு ஒரே டிக்கெட் போதும். அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம், பிறகு காட்டுப்பாதையில் இரண்டு கிலோமீற்றர் நடை. பஸ் சாரதி சுகந்தியின் சீருடையைப் பார்த்துவிட்டு, நிறுத்தமில்லாத இடத்தில் எங்களுக்காக நிறுத்தினார்.

எனக்குப் பொறாமை அங்கேயே தொடங்கிவிட்டது. காட்டோரத்தில் கூடாரம், சூடான சூப், பெரிய வரைபடம், மோப்ப நாய்கள். ஒரு ஆள் காணாமல் போனால் தேட இத்தனை. என் தம்பி, சுகந்திக்கு அண்ணன், நிமலன் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது கரையில் இருந்தது ஐந்து படகுகளும் நானும்தான். கடற்றொழில் அலுவலகத்தில் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று நாள் தேடினோம். பன்னிரண்டு வருடமாகிறது. சுகந்தி அப்போது இங்கே இருந்தாள், தொலைபேசியில் அழுதாள். இன்று அவளுக்கு நல்ல சப்பாத்தும், பெயர் தைத்த சட்டையும்.

பதினொன்றரைக்கு நாய்கள் காட்டும் வித்தையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொலிஸில் இருந்து அழைப்பு வந்தது. அந்தக் காட்டுக்கு அடுத்த குடியிருப்பில் ஞாபகமறதி உள்ள ஒரு முதியவர் விடியற்காலையில் வீட்டை விட்டு இறங்கியிருக்கிறார். பத்து நிமிடத்தில் சூப் கிண்ணங்கள் ஓரமாகிவிட்டன.

“அக்கா, இஞ்சையே இருங்கோ. நான் போட்டு வாறன்,” என்றாள் சுகந்தி. வரிசையாக, ஆளுக்கு ஆள் கை நீட்டும் தூரத்தில், மரங்களுக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஹெலிகொப்டர் சத்தமும் கேட்டது.

முதியவரின் மனைவியைக் கூடாரத்துக்கு அழைத்துவந்து என் பக்கத்தில் இருத்தினார்கள். தோளில் ஒரு கம்பளி. அவரை விட்டு அசையாமல் ஒரு சிப்பாய்ப் பெண். நான் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். என் அரைகுறை ஆங்கிலம் அவருக்குப் போதுமாக இருந்தது.

“நீங்களும் யாரையாவது தேடி வந்தீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை. தங்கையோடு வந்தேன்,” என்றேன்.

இதை எழுதாமல் விடலாம். ஆனால் எழுதுகிறேன். அந்த அம்மாவின் பக்கத்தில் இருந்துகொண்டு, அந்த முதியவர் கிடைக்காமல் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். எங்களுக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் ஏன் என்று மனம் கேட்டது. உடனே பயந்துபோய் எழுந்து வெளியே நின்றேன்.

மூன்று மணி தாண்டியதும் முதியவர் கிடைத்தார். ஓடைக்கரையில், ஒரு கால் சப்பாத்து இல்லாமல், உயிரோடு. அந்த அம்மா போகும்போது என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். என்னையும் தேடியவர்களில் ஒருத்தி என்று நினைத்திருக்க வேண்டும். நான் திருத்தவில்லை.

இப்படி ஒரு குடும்ப நாளுக்கு யாராவது உங்களை அழைத்தால் போங்கள். முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கம்பளிக் காலுறை இரண்டு சோடி கட்டாயம். ஈரம் முதலில் காலில்தான் ஏறும். சனிக்கிழமைகளில் திரும்பும் பஸ் மணிக்கு ஒன்றுதான். நாங்கள் 4.40 பஸ்ஸைப் பிடித்தோம்.

ரயிலில் சுகந்தியிடம் என் நினைப்பைச் சொன்னேன். அவள் அதிர்ச்சியடையவில்லை. “நான் இதிலை சேர்ந்த முதல் வருசமே ஒரு அதிகாரியிட்டைக் கேட்டனான், அக்கா. அண்டைய காத்துக்கும் நீரோட்டத்துக்கும் அண்ணான்ரை படகு எங்கை போயிருக்கும் எண்டு,” என்றாள்.

“எங்கையாம்?”

“சோளகம் அடிச்சது, தென்மேற்குக் காத்து. வடகிழக்குப் பக்கம் இழுத்திருக்கும்.”

நாங்கள் தேடியது மேற்கே. நிமலன் வழக்கமாக வலை போடுகிற பக்கம் அதுதான் என்று படகுக்காரர்களுக்குக் கை காட்டி அனுப்பியவள் நான்.

“இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள்தானே அண்டைக்குக் கரையிலை நிண்டது,” என்றாள். “எனக்கு அதிலைதான் பொறாமை. எந்தப் பக்கமெண்டாலும், நீங்கள் தேடினனீங்கள்.”