வெள்ளைத்தாய் பார்க்காத கோட்டை

ராஜபாளையத்துச் சனங்கள் டூர் கிளம்பினால் சமையல்கட்டையும் கூடவே கொண்டுபோவார்கள். ஓட்டல் சாப்பாடு அவர்கள் தொண்டைக்குள் இறங்காது. சிலிண்டர், அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை எல்லாம் பஸ் டிக்கியில் ஏறும். சமைக்க ஓர் ஆளும் ஏறும். அந்த ஆள்தான் வெள்ளைத்தாய். சுந்தரபாண்டியத்தில் பிறந்து ராஜபாளையத்தில் வாக்கப்பட்டு, புருஷன் போன பிறகு கரண்டியைப் பிடித்தவள். அதைக் கீழே வைக்க இன்னும் யாரும் விடவில்லை.

அவள் போகாத ஊர் கிடையாது, பார்த்த ஊரும் கிடையாது. திருமயம் கோட்டை என்றால் அவளுக்கு ஒரு புளியமரமும் அடிகுழாயும். தஞ்சாவூர் அரண்மனை என்றால் பஸ் நிறுத்துகிற பொட்டல். கூட்டம் இறங்கிப் போய் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, பசி பசி என்று திரும்பி வரும். சோறு போட்டு அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார். இதில் தெருக்காரிகளுக்குப் பொறாமை வேறு. "ஒங்களுக்கென்ன மதினி, ஊர் ஊரா சுத்துதிய" என்பார்கள். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முன்பு ஒரு தடவை தரங்கம்பாடிக்குப் போனபோதுதான் பொறுக்க முடியாமல் போனது. கடலை ஒட்டி டேனிஷ்காரர்கள் கட்டின கோட்டை. கீழறைக்குள் நின்றால் அலைச் சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறதாம், மேலே ஏறினால் கடல் மொத்தமும் தெரிகிறதாம். ஊர் திரும்புகிற வரைக்கும் பஸ்ஸில் இதே பேச்சு. மில்லில் வேலை பார்க்கும் கிருபாபாய், "நீங்களுந்தான பாத்தீக, சொல்லுங்கக்கா" என்று கேட்டே விட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவள் என்னத்தைச் சொல்வாள்? சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த வருஷம் மறுபடி தரங்கம்பாடி என்றதும், டூர் நடத்தும் தங்கப்பாண்டியனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ நான் கோட்டைக்குள்ள போவேன். சம்மதம்னா வாரேன். இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"தாராளமா போ தாயி. ஒன்ன யாரு கையப் புடிச்சு இழுத்தா?"

கையைப் பிடித்து யாரும் இழுக்கவில்லைதான். வயிற்றைக் காட்டியே உட்கார வைத்தார்கள். அதற்கும் ஒரு வழி செய்தாள். மதியத்துக்கு அடுப்பே பற்ற வைக்க வேண்டாதபடி புளியோதரை, பருப்புத் துவையல், மோர் மிளகாய் என்று வீட்டிலேயே ஆக்கிக் கட்டி ஏற்றினாள். விசேஷத்துக்கு மட்டும் உடுத்துகிற பச்சைச் சேலையையும் உடுத்திக்கொண்டாள்.

பஸ் பழைய நகர வாசலைத் தாண்டி, தேவாலயங்கள் நிற்கிற தெரு வழியாகக் கடற்கரைக்கு வந்தது. வெள்ளைத்தாய் ஒன்றையும் விடாமல் எட்டி எட்டிப் பார்த்தாள். பஸ் நின்றதும் முதலில் குதித்து இறங்கியது அவள்தான். கோட்டை வாசலில் பூட்டுத் தொங்கியது.

"வெள்ளிக்கிழமை லீவும்மா. நாளைக்கு வாங்க," என்றார் காவலாளி.

தங்கப்பாண்டியன் கோவில் கோவிலாகக் கூட்டிப்போய்ப் பழகின மனுஷன். வெள்ளிக்கிழமை விசேஷமான நாள், அன்றைக்குப் போய் இறங்கினால்தான் நல்லது என்பது அவர் எண்ணம். எந்தச் சாமி வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தும்? கோட்டையையும் அதே வரிசையில் சேர்த்துவிட்டார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"சரி விடு தாயி. வெளிய நின்னு பாத்தாச்சுல்ல, செவருதான?" என்றார்.

மற்றவர்கள் பூட்டின வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். அதோடு விட்டார்களா? "இப்பத்தான் நேரம் கெடக்கே, சூடா ஒரு சாம்பார் வச்சிருங்கக்கா" என்று ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. வெள்ளைத்தாய்க்கு அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் ஒரு பேச்சுப் பேசுவார்கள் என்று அடக்கிக்கொண்டு புளியோதரையைப் பரிமாறி முடித்தாள். பிறகு வாசலோரம் இளநீர் விற்கிற அம்மாவிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

சாப்பிட்டதும் தங்கப்பாண்டியன் எல்லாரையும் பஸ்ஸில் ஏறச் சொன்னார். ராத்திரித் தங்கல் வேளாங்கண்ணியில். வெள்ளைத்தாய் ஏறினாள், தன் துணிப்பையை எடுத்தாள், இறங்கிவிட்டாள்.

"நீங்க போங்க அண்ணாச்சி. நான் நாளைக்குக் கோட்டையப் பாத்துட்டு ஊருக்கு வாரேன். அந்த எளநிக்கார அம்மா வீட்டுல படுத்துக்கிடுவேன், கேட்டாச்சு."

"வெளாடுதியா? ராத்திரிக்கு இத்தன பேருக்கு யாரு சோறாக்குவா?"

"அரிசி இருக்கு, பருப்பு இருக்கு. பஸ் நெறைய ஆள் இருக்காக. ஆம்பளைகளுக்கும் கை இருக்குல்லா."

"இனிமே ஒன்னக் கூப்பிட மாட்டேன், பாத்துக்க."

"சரி."

சொல்லிவிட்டாள். இந்தப் பிழைப்பை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. ஆனாலும் கால் பஸ் பக்கம் திரும்பவில்லை.

பஸ் தெருமுனை வரை போய் நின்றது. ஓடி வந்துவிடுவாள் என்று அவர்களுக்கு நம்பிக்கை. செத்த நேரம் பார்த்துவிட்டுக் கிருபாபாய்தான் சன்னலில் தலையை நீட்டிச் சத்தமாகக் கேட்டாள்.

"யக்கா, ரசத்துக்குப் புளி எம்புட்டுப் போடணும்?"

பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெள்ளைத்தாய் வாயை இறுக்கி மூடிக்கொண்டு காவலாளியிடம் போனாள். நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டாள்.